சிவப்பு மை படாத நோட்டு

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. எந்தத் திசையில் போனாலும் வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு; கிழக்கே போனால் கடல். ஆனாலும் ஆறாம் வகுப்பில் "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் மலைதான் வரைவார்கள். இரண்டு முக்கோணம், நடுவே பாதிச் சூரியன், அதிலிருந்து ஏழெட்டுக் கதிர், கீழே ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, மலையிலிருந்து இறங்கி வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு, வானத்தில் நாலு பறவை. நாமும் சிறுவயதில் இதையே வரைந்தோம்.

அந்தப் படத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. அதை வரைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆசிரியர் 'நன்று' போடுவார். பக்கத்தில் இருப்பவன் சிரிக்க மாட்டான். மனத்தில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதைக் காட்டாமல் ஒரு பாடவேளையைக் கடத்திவிடலாம். என் வகுப்பில் சில ஆண்டுகளாகப் பட நாட்குறிப்பு என்ற ஒரு சிறு வேலையைச் செய்துவருகிறேன். அது சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இந்த மலையைத்தான். நோட்டில் மலை குறையத் தொடங்கினால் நடக்கிறது என்று பொருள். மறுபடி மலை வந்துவிட்டால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன்.

பட நாட்குறிப்பு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நாட்குறிப்பு எழுதுகிறவர் தனக்காக எழுதுவதைப் போல, ஒரு மாணவர் தனக்காக வரைந்து வைத்துக்கொள்ளும் நோட்டு. அதில் படம் இருக்கலாம், வெறும் நிறம் இருக்கலாம், ஒட்டிய இலையோ பேருந்துச் சீட்டோ இருக்கலாம், ஓரத்தில் இரண்டு வரி எழுத்தும் இருக்கலாம். 'ஆர்ட் ஜர்னல்' என்று இணையத்தில் நிறையக் காணொலிகள் இருக்கின்றன. அவற்றில் வருவது போன்ற அழகிய பக்கங்களை நம் பிள்ளைகளிடம் எதிர்பார்த்தால் வேலை அன்றைக்கே கெட்டுவிடும். என் மாணவர்கள் இதற்கு வைத்த பெயர் 'மனசு நோட்டு'.

நான் ஓவிய ஆசிரியர் இல்லை. அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எனக்கு வரைய வராது என்பது என் வகுப்புக்கே தெரியும்.

புயலுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அப்போது நான் பேராவூரணி வட்டாரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். அந்த ஒரு இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. தென்னை வைத்துக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். நல்ல காய்ப்பில் இருந்த மரத்தை இழந்தவருக்கு அது பணக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை. பள்ளி மறுபடி திறந்தபோது பிள்ளைகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நோட்டைத் திறந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, பாடம் பின்தங்கியிருந்தது. இரண்டு நாள் பாடம் நடத்திப் பார்த்தேன். கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் எதுவும் உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள், ஒருபக்கம் அச்சான பழைய வினாத்தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஆளுக்கொன்று கொடுத்தேன். "என்ன வேண்டுமானாலும் வரையுங்கள். மார்க் கிடையாது" என்றேன். திட்டமிட்டுச் செய்ததில்லை, பாடம் எடுக்க எனக்கே தெம்பில்லாமல் செய்தது.

அன்றைக்கு ஒருவரும் மலை வரையவில்லை. ஒருவன் பக்கம் முழுக்கக் குச்சி குச்சியாகப் படுக்கைக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் நாலு கீற்று வைத்திருந்தான். "எங்க தோப்பு டீச்சர். அப்பா எண்ணிக்கிட்டே இருந்தாங்க, நானும் எண்ணினேன்" என்றான். அறுபத்து மூன்று மரம். இன்னொரு பெண் பறந்துபோன கூரையைத் தனியாகவும், கூரையில்லாத வீட்டைத் தனியாகவும் வரைந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோழியை நிறுத்தியிருந்தாள். கோழி பிழைத்துவிட்டதாம், அதைச் சொல்லும்போது சிரித்தாள். அந்த வாரம் வகுப்பில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒரு மாணவன் தாள் முழுவதையும் பென்சிலால் கருப்பாகத் தேய்த்துவைத்திருந்தான். ஓரிடம்கூட வெள்ளை இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பி.எட். படித்தபோது உளவியல் தாளில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்து, கருப்பு என்றால் ஆழ்ந்த துயரம், பயம் என்று மனத்துக்குள் கட்டுரையே எழுதிவிட்டேன். இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்து, மெதுவாக, "இது என்னப்பா?" என்று கேட்டேன்.

"எங்க தெரு டீச்சர். கரண்டு இன்னும் வரல."

அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. பிள்ளைகளின் படத்தைப் பார்த்து நாமே பொருள் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. மரம் வரைந்ததில் வேர் இல்லை என்றால் இப்படி, வீட்டுக்குக் கதவில்லை என்றால் அப்படி என்று பட்டியல் போடும் பயிற்சிக் கையேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வருகிறது.

முன்னே செய்தவர்கள்

அன்று என் வகுப்பில் தற்செயலாக நடந்ததை வேறு சிலர் மிகக் கடுமையான சூழலில், தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் படித்தேன்.

'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-இல் பயன்படுத்தத் தொடங்கியவர் அட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய்க்காக மருத்துவமனையில் நீண்ட நாள் படுத்திருந்தபோது, படுக்கையிலிருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்து பொழுதைப் போக்கினார். அது தன்னைத் தேற்றியதை உணர்ந்து, உடனிருந்த நோயாளிகளையும் வரையவைத்தார்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்பவரைப் பற்றி ஆசிரியர்களான நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1898-இல் வியன்னாவில் பிறந்த யூத ஓவியர். ஜெர்மனியின் புகழ்பெற்ற பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்து அடைபட்டுக்கிடந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அவர் வரையக் கற்றுக்கொடுத்தார். கிடைத்த காகிதத்தில், பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் அவர்கள் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வரைந்த குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவருடைய வழக்கம். பெயருக்குப் பதிலாக எண் இருந்த இடத்தில் அதைச் செய்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்கு முன் சேர்த்துவைத்த சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்துவைக்கப்பட்டுப் போருக்குப் பின் வெளியே வந்தன. இன்று அவை பிராகாவிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிர்பிழைக்கவில்லை. அவரிடம் முன்பு பயின்ற எடித் கிரேமர் பின்னாளில் அமெரிக்கா சென்று, குழந்தைகளுக்கான கலைவழிச் சிகிச்சையை வளர்த்தவர்களில் ஒருவரானார்.

ஆய்வுகளையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் துயர நிகழ்வை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. வகுப்பில் ஒரு பிள்ளை வரைந்துவிட்டுக் கண்கலங்கினால் நாம் பதறி நோட்டைப் பிடுங்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2016-இல் கிரிஜா கைமல் என்பவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 39 பெரியவர்களை 45 நிமிடம் விருப்பம்போல் கலைவேலை செய்யவைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய அந்த ஹார்மோன் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவரா, தூரிகையே தொடாதவரா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. என் வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் அந்த நேரத்தில் கதைப்புத்தகம் படிக்கிறார்கள். படிக்கட்டும்.

நான் செய்த தப்பு

இப்போதைய பள்ளிக்கு மாறி வந்தபின், ஏழாம் வகுப்பில் இதை முறையாகத் தொடங்கினேன். வாரம் ஒருநாள், திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் 15 நிமிடம். சனி, ஞாயிறு வீட்டில் நடந்ததெல்லாம் திங்கட்கிழமைதான் பிள்ளைகளின் முகத்தில் இருக்கும், அதனால் திங்கள்.

ஒரு மாணவி மிக நன்றாக வரைவாள். தன் வீட்டுத் திண்ணையை வரைந்திருந்தாள். அம்மா, பாட்டி, தம்பி, ஆடு எல்லாம் இருந்தது. எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போனது. வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டி, "பாருங்க, எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கா!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பாவை எங்கம்மா காணோம்?" என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பு அமைதியானது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்தி எனக்கு மட்டும் தெரியாது. அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த திங்கள் அவள் நோட்டில் இரண்டு மலை, நடுவில் சூரியன். அதற்கடுத்த வாரமும் மலை. ஒவ்வொரு மலையையும் அளவுகோல் வைத்துக் கோடு பிசகாமல் வரைந்திருந்தாள். கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுக்க அவள் அதையே வரைந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல டீச்சர்" என்றாள், மலை மாறவில்லை. மற்ற பிள்ளைகளின் நோட்டிலும் அந்த மாதம் மலைகள் கூடின. ஒரு பிள்ளையைக் கேட்ட கேள்வியை முப்பத்தைந்து பேரும் கேட்டிருந்தார்கள்.

பாராட்டினேனே, அதில் என்ன தப்பு என்று நினைக்கலாம். பாராட்டும் ஒரு மதிப்பெண்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இன்று 'அழகு' என்று சொன்னால், அடுத்த வாரம் அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை வந்துவிடும். கோபமாக இருக்கும் நாளில் அழகாக வரைய முடியுமா? அதன்பிறகுதான் எனக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். அந்த நோட்டில் சிவப்பு மை படாது. 'நன்று' கிடையாது, நட்சத்திரம் கிடையாது, எழுத்துப்பிழை திருத்தம் கிடையாது. தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், 'ழ'கரம் 'ள'கரமாக இருந்தாலும் கை வைப்பதில்லை. சுவரில் ஒட்டுவதில்லை, கலைத் திருவிழாவுக்கு எடுத்துப்போவதில்லை, அதிகாரிகள் பார்வைக்கு வரும்போது மேசையில் அடுக்குவதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் கடினம். நாம் செய்யும் எதையும் ஒளிப்படம் எடுத்துக் குழுவில் போட்டே பழகிவிட்டோம்.

யார் பார்க்கலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு பெட்டி கிளிப் வாங்கி வைத்தேன். டீச்சர் பார்க்கலாம் என்று நினைக்கும் பக்கத்தில் கிளிப் போட்டுக் கொடுக்கலாம். கிளிப் இல்லாத பக்கத்தை நான் திறப்பதில்லை. கிளிப் போட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு நான் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "இதைப் பற்றி ஏதாவது சொல்லணுமா?" இல்லை என்றால் இல்லை.

வகுப்பில் செய்யும் விதம்

கோடு போடாத 40 பக்க நோட்டு போதும். தொடக்க வகுப்புகளுக்கு விலையில்லா கிரையானும் வண்ணப் பென்சிலும் வருகின்றன. மேல் வகுப்புக்கு நான் வண்ணம் வாங்குவதில்லை. கரித்துண்டு, செங்கல் பொடி, மஞ்சள், பீட்ரூட் தோல், செம்பருத்தி இதழ். கரும்பலகைக்குத் தேய்க்க ஊமத்தை இலையும் கரியும் தேடி அலைந்த தலைமுறை நாம்; நமக்கு இது புதிதில்லை. மஞ்சள் தேய்த்த இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுவைத்தால் சிவக்கும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பட்டால் நிறம் இளஞ்சிவப்பாகும். அமிலம், காரம் பாடம் நடத்திய வாரத்தில் என் மாணவர்கள் இதை நோட்டில் கொண்டுவந்தார்கள். கோபம் வந்த நாளுக்கு மஞ்சளின் மேல் சுண்ணாம்பு வைத்து ஒரு பையன் சிவப்பு எடுத்தான். பாடத்தை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். எதற்குக் கோபம் என்று கேட்கவில்லை.

முதல் சில வாரங்கள் "என்ன வரையட்டும்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். வெற்றுத்தாள் பலருக்குப் பயம். ஒரு சிறு தொடக்கம் கொடுக்கலாம். இன்று உன் மனசுக்குள் வெயிலா, மழையா, மூட்டமா? வீட்டில் உனக்குப் பிடித்த மூலை எது? நேற்று ராத்திரி கேட்ட ஒரு சத்தத்தைக் கோடாகப் போட முடியுமா? பள்ளிக்கு வரும் வழியில் உனக்குப் பயமான இடம் எது? கடைசிக் கேள்வியிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு நன்மையே கிடைத்தது. நாலைந்து நோட்டுகளில் ஒரே வளைவில் ஒரே நாய்க்கூட்டம் வந்திருந்தது. எல்லோரும் கிளிப் போட்டிருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, காலையில் ஒருவர் அங்கே நிற்க ஏற்பாடு செய்தோம்.

"எனக்கு வரையவே வராது" என்பவர்களுக்குக் கோலம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடச் சொன்னால் ஆண்பிள்ளைகளும் தயங்காமல் உட்காருகிறார்கள். கோடு புள்ளிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்வரை கை ஓடும், மூச்சு நிதானமாகும். தேர்வு நாள்களில் நான் இதையே கொடுக்கிறேன். 2005-இல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வெற்றுத்தாளில் இஷ்டம்போல் வண்ணம் தீட்டியவர்களைவிட, வட்ட வடிவக் கோலம் போன்ற மண்டலங்களுக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் அதிகம் தணிந்தது. நம் அம்மாக்கள் விடியற்காலையில் வாசலில் குனிந்து நின்றபோது என்ன கவலையையெல்லாம் அந்தப் புள்ளிகளுக்குள் சுற்றினார்களோ.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நோட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்ற கவலையே வேண்டாம். அவர்கள் வரையும்போதே கதை சொல்லிக்கொண்டு வரைவார்கள். "இது நாய், இது ஓடுது, இப்ப செத்துப்போச்சு, இப்ப எந்திரிச்சிருச்சு." கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பைத் தாண்டும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒன்பது வயதுக்குமேல் குழந்தை தன் படத்தை நிஜப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்படத் தொடங்கும் என்று விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தை ஓவியம் பற்றி 1947-இல் வெளியான தன் நூலில் விளக்கியிருக்கிறார். உயர்நிலை வகுப்பில் பென்சிலைக் கையில் எடுக்க மறுக்கும் பையன் சோம்பேறி இல்லை, கேலிக்குப் பயந்தவன். அவர்களுக்கு வரைவதைவிட வெட்டி ஒட்டுவது எளிது. நாளிதழிலிருந்து மூன்று சொல்லை வெட்டி ஒட்டு, வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் வரைபடம் போடு, இந்த வாரத்தை ஏழு கட்டமாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் மட்டும் தேய் என்றால் செய்கிறார்கள்.

அந்த 15 நிமிடமும் நானும் என் நோட்டில் வரைகிறேன். சுற்றிச்சுற்றி வந்து எட்டிப் பார்க்கும் ஆசிரியர் இருக்கும் அறையில் யாரும் மனம்விட்டு வரைய மாட்டார்கள். என் பக்கத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். "டீச்சர், இது ஆடா மாடா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் சிரித்த நாளுக்குப் பிறகுதான் பல நோட்டுகளில் மலை மறைந்தது.

கிளிப் போட்ட ஒரு பக்கம்

இதை எழுத அந்த மாணவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க" என்றாள். ஊர், ஆண்டு எதையும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை அவள் கொடுத்த நோட்டில் ஒரு கிளிப். பக்கத்தின் ஒருபுறம் ஆணியில் தொங்கும் பள்ளிச் சீருடை. மறுபுறம் அதே உயர ஆணியில் ஒரு பட்டுப்புடவை. நடுவில் ஒன்றுமில்லை. எழுத்தும் இல்லை.

கரண்டு போன தெரு எனக்கு நினைவிருந்தது. நானாக எதையும் முடிவு செய்யவில்லை. வழக்கமான வாக்கியத்தைத்தான் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். ஆண்டின் முதல் நாளிலேயே வகுப்பில் நான் சொல்லியிருந்த ஒன்றை மறுபடி சொன்னேன்: இந்த நோட்டில் உள்ளதை நான் யாரிடமும் பேச மாட்டேன், ஆனால் உனக்கோ இன்னொரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். அவள் தலையாட்டினாள். பிறகு மாமன் வீட்டில் பேசி முடித்ததையும் தேதியையும் சொன்னாள்.

தலைமையாசிரியரிடம் போனேன். அன்றே 1098-க்குப் பேசினோம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்ட சமூகநல அலுவலருக்கும் தகவல் போனது. திருமணம் நின்றது. எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அம்மா இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தனியாளாகப் பெண்பிள்ளையை வளர்க்கும் பயத்தை நான் தாளில் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணும் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. தன்னால்தான் வீட்டில் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் நான் தூங்கியது குறைவு. சில நாள் கழித்து அவளாகவே வந்து, "நான்தானே டீச்சர் கிளிப் போட்டேன்" என்றாள். குற்றம் சொல்கிறாளா, ஆறுதல் சொல்கிறாளா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

நம் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதில் போட ஒரு பிள்ளைக்குக் குறைந்தது ஒரு வாக்கியமாவது வேண்டும். வாக்கியம் வராத பிள்ளைக்கு முதலில் ஒரு சீருடையும் ஆணியும் வரைய இடம் இருந்தால் நல்லது.

நாம் மருத்துவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தை வைத்து நோய் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. ஒரு பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதாகத் தெரிந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று எழுதினாலோ, பல வாரம் யாரோடும் சேராமல் ஒதுங்கினாலோ, நோட்டு போதாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தெரிந்தும் மறைப்பது குற்றம். அந்த நேரத்தில் பிள்ளையைத் துருவித்துருவிக் கேட்கவோ, "வரைந்து காட்டு" என்று சொல்லவோ கூடாது. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, உரியவரிடம் போக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று முழு வாக்குறுதியை ஒருநாளும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அடுத்து யாரிடமும் பேசாது.

திண்ணை வரைந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்றாம் பருவத்தில் ஒருநாள் அவள் நோட்டில் மலைக்கு நடுவே சூரியனுக்குப் பதிலாக ஆட்டின் தலை எட்டிப் பார்த்தது. கிளிப் போடவில்லை, பக்கத்தில் இருந்தவள் சிரித்ததால் எனக்குத் தெரிந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

ஆண்டு முடிவில் நோட்டுகளைப் பள்ளியில் வைத்துக்கொள்வதில்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழோடு அதையும் கொடுத்துவிடுவேன். போன ஆண்டு இரண்டு பேர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றார்கள். "நீங்களே கிழிச்சிடுங்க டீச்சர், படிக்காம." அவர்கள் கண்முன்னாலேயே, அட்டையோடு சேர்த்து, பொடிப்பொடியாகக் கிழித்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது. இரண்டு பேரும் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.